வேதநேசன் இறந்த வியாழக்கிழமை

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி காலையில், கல்லறைத் திருநாளுக்காகச் சுண்ணாம்பு வாளியோடு ஆதித் தோட்டத்துக்குள் போன வேதநேசன் வாத்தியார், தான் இறந்து இருபது வருஷமும் நான்கு மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகிவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டார். மனைவி சுகிர்தத்தின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் கல்லில் இருந்தது. அது எட்டு வருஷமாக இருப்பதுதான். பிறப்பு 1964 என்று இருந்தது, அதுவும் பழையதுதான். அதற்குப் பிறகு ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு ஒரு சாண் வெற்றுக் கல், நேற்றுவரைக்கும் அவ்வளவுதான். இன்றைக்கு அந்த வெற்றுக் கல்லில் 19 ஜூன் 2003 என்று வெட்டியிருந்தது. புது வெட்டும் இல்லை. எழுத்துப் பள்ளத்தில் பாசி ஏறி, வருஷாவருஷம் அவர் கையாலேயே அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து, மூலையில் ஒரு சிலந்தி கூடு கட்டிக் குடியும் இருந்தது. வேதநேசன் வாளி சரிந்து கொட்டிய ஈரச் சுண்ணாம்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆதித் தோட்டம் என்று ஊரார் சொல்வது நல்லூற்றுவிளையின் முதல் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தை. தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த 1878இல் ஞானாபரணம் என்பவரும் அவர் மனைவி ரெபேக்காளும் மக்களும் மருமக்களுமாகப் பதினொரு பேர் இரண்டு மாட்டு வண்டிகளில் இந்தச் செம்மணல் தேரிக்கு வந்து, சக்கரம் புதைந்து இனி ஓர் அடிகூட நகராது என்று ஆன இடத்தில் இறங்கி, சரி இதுதான் நம்ம ஊர் என்று சொன்னார்கள். கிணறு வெட்டத் தொடங்கிய ஒன்பதாம் நாள், தண்ணீர் காணும் முன்னே, மணல் சரிந்து மூத்த மகன் போய்விட்டான். ஆக அந்த ஊரில் முதன்முதலாக உண்டானது வீடு இல்லை, கோயில் இல்லை, கிணறுகூட இல்லை, கல்லறைதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தது. தேரியில் மணல் உண்டு, பனை உண்டு, முந்திரி உண்டு, கல் மட்டும் கிடையாது. கல்லும் கல்தச்சனும் நாங்குநேரிப் பக்கமிருந்து வர வேண்டும், வண்டி மணலில் நான்கு நாள் தத்தளிக்க வேண்டும். அதனால் ஞானாபரணம் ஓர் ஏற்பாடு செய்தார். தச்சன் ஒருமுறை வந்தால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே வெட்டிவிட வேண்டியது. இருக்கிறவருக்குப் பிறந்த வருஷத்தையும் ஒரு கோட்டையும் போட்டுவிட்டு மிச்சத்தைக் காலியாக விட வேண்டியது. தார் ரோடு வந்து, லாரி வந்து, கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டும் கடையும் வந்த பிறகும் ஏற்பாடு மாறவில்லை. துணையை இழந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, துணையின் பெயருக்கு ஒரு பூவும் பக்கத்தில் இருக்கும் தன் பெயருக்கு ஒரு பூவும் வைத்துவிட்டு, காலை ஆகாரத்துக்கு வீட்டுக்குப் போவார்கள்.

இத்தனையையும் அறுபத்திரண்டு பக்கத்தில் எழுதி, நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு மலராக அச்சடித்து, வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தவர் வேதநேசன்தான். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், தோட்டத்துச் சாவியை வைத்திருப்பவர், எந்தக் கல்லுக்குக் கீழே யார், அவருக்கு மக்கள் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் சாவு தெரியாமல் போனது.

அவர் சாவு மட்டும் இல்லை. அன்றைக்குப் பொழுது உச்சிக்கு வருமுன்னே ஊர் முழுவதும் தோட்டத்துக்குள் வந்து எண்ணிவிட்டது. கல்லில் பெயரிருந்தும் உயிரோடிருந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஒன்பது பேருடைய கல்லில் தேதி விழுந்திருந்தது, ஒன்பதும் கடந்துபோன தேதிகள். மிச்ச எட்டும் பழையபடி காலியாக இருந்தன. அந்த எட்டில் ஒன்று, வாய்ச்சண்டைக்குப் பேர்போன, மருமகளோடும் மாட்டோடும் மழையோடும் சண்டை போடுகிற ஜெயசிங்குடையது என்பதை ஊராரால் ஜீரணிக்க முடியவில்லை. "நான் உசுரோட இருக்கேம்ல, பாத்தியளா," என்று அவர் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார். யாராலும் மறுக்க முடியவில்லை, கல் அப்படித்தான் இருந்தது.

கம்பவுண்டர் தேவபிச்சை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் கல்லைப் படித்தார். 3 மார்ச் 1988. ஒரு நிமிஷம் யோசித்தார். "சரிதான். அன்னைக்குத்தான் ஹார்மோனியத்தத் தூக்கிப் பரண்ல போட்டேன்," என்று சொல்லிவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். பொன்னுத்தாய் டீச்சருடைய தேதி 1971ஆம் வருஷத்து மே மாதத்துத் தேதி, அவர்களுடைய கல்யாண நாள். டீச்சர் சிரித்தார்கள். அவர்களிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது, அந்த வாய் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. அன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, கணவர் கல்லைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். இப்படித் தேதி விழுந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கும் தாங்கள் செத்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. வேதநேசனுக்கு மட்டும் வரவில்லை. 19 ஜூன் 2003 ஒரு வியாழக்கிழமை என்று பழைய காலண்டர் சொன்னது. அதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் எல்லாரும் சோறு இறங்காமல் திரிந்தார்கள், மூன்றாம் நாள் சட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து கல்லைப் பார்த்து, கல்லில் இருப்பது தன் பதிவேட்டில் வராது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். போதகர் சபைச் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இறந்தவர்கள் ஆராதனைக்கு வரக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. ஆனால் இறந்தவர்களுக்காக நம்முடைய சபை ஜெபிப்பதில்லை என்று தெளிவாக இருந்தது. ஆகவே ஒன்பது பேரும் வரலாம், கடைசி பெஞ்சில் உட்காரலாம், வியாதிக்காரர்கள் ஜெபப் பட்டியலிலிருந்து மட்டும் பெயர் எடுக்கப்படும் என்று தீர்ப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்ததும் முன் பெஞ்சுக்காரர்கள் மெதுவாக ஓர் அடி முன்னே நகர்ந்தார்கள். ஆனாலும் ஆராதனை முடிந்ததும் அவர்களைச் சுற்றித்தான் கூட்டம். எங்கம்மையப் பாத்தா நாங்க வீடு கட்டிட்டோம்னு சொல்லுங்க, எங்க சின்ன மவனப் பாத்தா தலைய ஒருக்கத் தடவி விடுங்க என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது பேரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். அவர்களால் வேறு என்ன செய்ய முடியும்?

வெளியூர் உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வேன் பிடித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, வேதநேசனிடமே வேதநேசனுக்காகத் துக்கம் கேட்டார்கள். அவரே நாற்காலி எடுத்துப் போட்டார், அவரே காப்பி கொடுத்தார். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். துட்டி வீட்டில் எல்லாரும் கேட்பதுதான். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை. மற்ற எட்டு வீடுகளிலும் பதில் இருந்தது என்பது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அவமானத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். மகள் பியூலாவின் கல்யாணம் நவம்பர் இருபத்துமூன்றாம் தேதி என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் விவாகம், தடையுண்டானால் சொல்லலாம் என்று. முதல் ஓலையில் போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காலஞ்சென்ற வேதநேசன், காலஞ்சென்ற சுகிர்தம் இவர்களின் மகள்" என்று வாசித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேதநேசன் எல்லாரோடும் சேர்ந்து அதைக் கேட்டார். வெளியே வந்ததும் போதகர் அவர் தோளில் கைவைத்து, வருத்தத்தோடுதான் சொன்னார்: "வாத்தியாரே, தப்பா நெனைக்காதிய. காலஞ்சென்றவங்க பொண்ணக் கைபிடிச்சுக் குடுக்க முறை இல்ல. சென்னையில இருந்து உங்க அண்ணாச்சி சத்தியநேசன் வாராங்கல்லா, அவங்க குடுக்கட்டும்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சுகிர்தம் மகளுடைய மணிக்கட்டைப் பிடித்து அவர் கையில் வைத்து, கோயில் வாசலில் இருந்து பீடம்வரைக்கும் நீங்கதான் இவளக் கூட்டிட்டுப் போகணும், வேற யாரும் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவர் ஆகட்டும் என்று சொல்லியிருந்தார். அவளிடம் அவர் கொடுத்த கடைசி வாக்கு அது. கொத்தனாரைக் கூட்டிவந்து தேதியின் மேல் சிமென்ட் பூசச் சொன்னார். மறுநாள் காலையில் சிமென்ட் பொடியாகக் கீழே கிடந்தது, எழுத்து இன்னும் ஒரு நூல் ஆழமாக இறங்கியிருந்தது.

ஊரார் நினைத்ததையே அவரும் முதலில் நினைத்தார்: சுகிர்தம் போன அன்றைக்குத்தான் நானும் போனேன். அப்படி இருந்திருந்தால் அதில் ஒரு கௌரவமும் இருந்திருக்கும். ஆனால் சுகிர்தத்தின் தேதி ஆகஸ்ட் 2015. அவர் தேதி அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். கல்லில் இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கழித்துப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. அப்படியென்றால் சுகிர்தம் பன்னிரண்டு வருஷம் ஒரு செத்தவனுக்கா சோறு போட்டாள், செத்தவன் பக்கத்திலா படுத்து எழுந்தாள், செத்தவனுக்கா காய்ச்சல் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்? இந்த எண்ணம் வந்த அன்று அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதைவிடப் பெரிய அதிர்ச்சி அதே வாசற்படியில் மறுநாள் காத்திருந்தது. கல்லைப் பார்த்த நாளிலிருந்து அவரோடு சரியாகப் பேசாத பியூலா, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"எப்பா, அப்போ எனக்கு அஞ்சு வயசு. அதுக்கு முந்தி ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு ஞாபகம் இருக்க அப்பா பூராவும் செத்துப்போன அப்பாதானா?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா சொல்லுவா, நீங்க குளிக்கும்போது பாடுவியளாம். நான் ஒருநாளும் கேட்டதில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவர் அந்த வியாழக்கிழமையைத் தேட ஆரம்பித்தார், வரலாறு எழுதியவர் தேடுகிற மாதிரி. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் போய்ப் பார்த்தார். அன்றைக்கு அவர் விடுப்பு, சொந்த அலுவல் என்று இருந்தது. கோயில் பதிவேட்டில் அன்றைக்குச் சாவும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. என்ன சொந்த அலுவல்? இரண்டாம் ஓலையும் காலஞ்சென்ற என்றே வாசிக்கப்பட்டது. அன்று மத்தியானம் மலர் வேலையின் பழைய கட்டு ஒன்றை அலமாரியின் அடித்தட்டிலிருந்து இழுத்தபோது, அச்சகத்திலிருந்து திருத்துவதற்கு வந்த தாள்கள் அப்படியே இருந்தன. முதல் தாளின் தலையில் அவருடைய சிவப்பு மையில், 19.6.2003, பார்த்து அனுப்பியது என்று எழுதியிருந்தது.

கை நடுங்காமல்தான் புரட்டினார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவருடைய அப்பாவைப் பற்றிய பத்தி. "சாலமோன் அவர்களுக்கு மக்கள் மூவர்" என்று அச்சாகியிருந்ததில் மூவரை அடித்து, மேலே இருவர் என்று அழகான கையெழுத்தில் திருத்தியிருந்தார். சத்தியநேசன் ஒன்று, வேதநேசன் ஒன்று. மூன்றாவது எமிலி, கடைக்குட்டி. உடன்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த இசக்கிமுத்துவை, வேறு சாதி, வேறு சாமி கும்பிடுகிறவரை, 1996இல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். போன அன்றே அப்பா அவள் உட்காரும் முக்காலியைத் தூக்கிக் கொல்லையில் வீசினார். வேதநேசன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அது இந்தத் தேதி இல்லை. முக்காலி பறந்த அன்றைக்கு அவருக்கு வலித்தது, உயிர் இருந்தது.

தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது, ஓரத்தில் ரப்பர் தேய்த்த இடம் ஒன்று பளபளத்தது. பென்சிலால் அழுத்தி எழுதியதை யாரோ அழித்திருந்தார்கள். எழுத்து போய்விட்டது, அழுத்திய தடம் போகவில்லை. எமிலி. சுகிர்தத்தின் கையெழுத்து. அழித்தது யாரோ இல்லை. அப்போதுதான் அந்த வியாழக்கிழமை அவருக்கு முழுசாகத் திரும்பி வந்தது: அச்சகத்துப் பையன் வாசலில் சைக்கிளோடு நின்றதும், சுகிர்தம் கருப்பட்டிக் காப்பியோடு பக்கத்தில் வந்து தாளைப் படித்ததும், தன் கழுத்துக் கயிற்றைத் தொட்டுக்கொண்டே கேட்டதும்.

"ரெண்டு பேருதான்னா, எனக்கு மூணாவது முடிச்சு போட்டது யாருங்க?"

கல்யாணத்தில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சு போட, மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது வழக்கம். 1994ஆம் வருஷம் மே மாதம், இதே கோயிலில், பட்டுப்பாவாடையும் தாவணியுமாகச் சுகிர்தத்தின் பின்னால் நின்று, கூந்தலை விலக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த முடிச்சைப் போட்டவள் எமிலி. சுகிர்தம் அதைச் சண்டையாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். வேதநேசன் ரப்பரை எடுத்து அழித்தார். "அச்சகத்துக்காரன் காத்துக்கிட்டு நிக்கான்," என்றார். அவ்வளவுதான். அவள் காப்பியை வைத்துவிட்டுப் போனாள், அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. அவர் காப்பியைக் குடித்தார். அதில் இனிப்பு இருந்ததா என்று இப்போது எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை அவர் உடன்குடிக்குப் பஸ் ஏறினார். இருபத்தேழு வருஷமாகப் போகாத தெரு. கடையில் இசக்கிமுத்து தலை நரைத்து, செல்போன் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து, பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார். "உள்ள இருக்கா," என்று மட்டும் சொன்னார். எமிலி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். அண்ணன் என்று சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார்.

"சுகிர்தம் ஒரு கேள்வி கேட்டா. இருவது வருசமாச்சு. அதுக்குப் பதில் சொல்லலாம்னு வந்தேன்," என்று தொடங்கி, தாளைப் பற்றியும் ரப்பரைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். எமிலி மிளகாயைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"கேட்டது மதினி. பதில எங்கிட்டக் கொண்டாந்து ஏன் குடுக்கிய?"

"அவ இல்லையே, எமிலி."

"உங்களுக்கு எங்க தெரியப்போவுது." எமிலி கையைத் தட்டி எழுந்தாள். "அந்தப் புஸ்தகம் வந்த மறு வருசத்துல இருந்து, வருசா வருசம் மே மாசம் மதினி இங்க வருவாவ. கல்யாண நாளைக்கு முந்தின நாள். தாலிக்கயிறு மாத்த."

"அவ கருப்பட்டி வாங்கல்லா வருவா?"

"கருப்பட்டியும் வாங்குவாவ." எமிலி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மொத ரெண்டு முடிச்ச அவியளே போட்டுக்கிட்டு, எனக்கு முதுகக் காட்டி உக்காருவாவ. மூணாவது நீதான் போடணும், உங்கண்ணன் வீட்டுல என்னக் கட்டி வச்சிருக்கது அதுதாம்பாவ. அந்த வருசமும் வந்தாவ, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி. எலும்பும் தோலுமா."

பெட்டியில் தங்கச் சங்கிலி இருக்க, சுகிர்தம் ஏன் இந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிகிறாள் என்று அவர் எத்தனையோ தடவை எரிச்சல்பட்டிருக்கிறார். மே மாதத்துக் கருப்பட்டியை வருஷம் முழுவதும் குடித்திருக்கிறார்.

"அந்தக் கயித்தக் கழட்டாமத்தான புதைச்சிய?" என்று எமிலி கேட்டாள்.

"ஆமா."

"அப்போ உங்க ஆதித் தோட்டத்துக்குள்ள நானும் எட்டு வருசமா இருக்கேன். புஸ்தகத்துல இல்லன்னா என்ன." சொல்லிவிட்டு அவள் மறுபடி மிளகாய்ப் பக்கம் குனிந்தாள். "போங்க. கேட்டவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மணி அடித்ததும் வேதநேசன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நேராகத் தோட்டத்துக்கு நடந்தார். அவர் போன வேகத்தைப் பார்த்து, ஏதோ நடக்கப்போகிறது என்று சபை முழுவதும் பின்னால் வந்தது. போதகர் அங்கியைக் கழற்றாமலே வந்தார், செத்த எட்டுப் பேரும் வந்தார்கள், உயிரோடிருக்கிற ஜெயசிங் எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். ஞானாபரணம், ரெபேக்காள், கிணற்றில் போன மூத்த மகன் என்று நூற்று நாற்பத்தைந்து வருஷத்துக் கல் எல்லாம் வெயிலில் வெள்ளையாக நிற்க, வேதநேசன் மனைவியின் கல்லுக்கு முன்னால் நின்று, வகுப்பறையில் பேசுகிற குரலில் சொன்னார்.

"சுகிர்தம். மூணாவது முடிச்சு போட்டது எமிலி. எங்க அப்பாவுக்கு மக்கள் மூணு பேரு. நான் எழுதினது பொய்."

எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். 19 ஜூன் 2003 என்று அது அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது, வெயில் ஏறியது, வீட்டில் கறி எடுத்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள், கடைசியில் போதகரும் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வேதநேசன் தனியாக உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மூன்று மணி வாக்கில் அவருக்கு அழுகை வந்தது. சுகிர்தத்தைப் புதைத்தபோது வராதது, முக்காலிக்கு வந்திருக்க வேண்டியது, பன்னிரண்டு மே மாதத்துக்கும் வந்திருக்க வேண்டியது எல்லாம் சேர்ந்து வந்தது. சட்டை நனைந்து, மூக்கு ஒழுகி, பார்க்கச் சகிக்காமல் அழுதார்.

மறுநாள் காலையில் பூ வைக்கப் போன பியூலாதான் பார்த்தாள். அப்பாவின் பெயர் இருந்தது, 1964 இருந்தது, கோடு இருந்தது. கோட்டுக்குப் பிறகு, உளியே படாத வெற்றுக் கல். சிலந்தியையும் காணவில்லை. அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. போதகர் ஓலையில் வேதநேசன் பெயருக்கு முன்னால் இருந்த காலஞ்சென்ற என்ற வார்த்தையை அடித்துவிட்டு, தன் கையெழுத்தும் போட்டார். துக்கம் கேட்டுவிட்டுப் போனவர்கள் இப்போது வாழ்த்துச் சொல்லப் போன் செய்தார்கள். செத்தவர்களில் ஏழு பேர் தங்களுக்குக் கடைசி பெஞ்சே வசதியாக, காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பொன்னுத்தாய் டீச்சர், உயிரோடு இருந்த காலத்தில் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை என்றே சொன்னார்கள். தேவபிச்சை மட்டும் ஒருநாள் தெருவில் நின்று, பரணிலிருந்து ஒரு கனமான சாமானை இறக்கணும், ரெண்டு ஆள் வேணும் என்று கேட்டார்.

வேதநேசனுக்குத்தான் நிலைமை மோசமாயிற்று. இருபது வருஷமாக இல்லாத பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ரோட்டைக் கடக்கப் பயந்தார், பஸ்ஸில் ஏறப் பயந்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாடி பார்த்தார், காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, இப்படி இனிக்கிறதே என்று தம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்று காலையில் குளியலறைக்குள் இருந்து, சுருதி சேராமல், பாதிப் பாட்டு மறந்துபோன ஒரு குரல் கேட்டது. தலையைப் பின்னக் கொடுத்திருந்த பியூலா பின்னுகிறவளின் கையைப் பிடித்து நிறுத்தி, முடியும்வரை கேட்டாள்.

கோயில் வாசலில் அவளும் அவரும் நின்றார்கள். உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்கள். தேவபிச்சையின் ஹார்மோனியம் பாதிக் கட்டைகள் இழுத்துக்கொண்டு முனகியது. நுழைந்ததும் இருக்கிற கடைசி பெஞ்சில், அது செத்தவர்கள் பெஞ்சு என்ற புது வழக்கம் தெரியாத ஒரு பெண்பிள்ளை கணவரோடு வந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. செத்தவர்கள் ஏழு பேரும் மரியாதையாக ஒதுங்கி அவர்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். எமிலி திரும்பிப் பார்த்தாள். "போங்கண்ணே, நேரமாவுது," என்றாள்.

வேதநேசன் மகளுடைய கையைப் பிடித்தார். பிடித்த கை வேர்த்து வழிந்தது, நடுங்கியது, அவளுடைய பூச்செண்டே அதில் ஆடியது.

"எப்பா, என்ன இப்படி நடுங்குது?" என்று பியூலா கேட்டாள்.

"பயமா இருக்குட்டி."

"எதுக்குப் பயம்?"

"செத்துருவேனோன்னு."

கல்லில் தேதி விழுந்த நாளிலிருந்து சிரிக்காத பியூலாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு சிரிப்பு வந்தது. அவள் அந்த ஈரக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ சரி. வாங்க போவோம்," என்றாள்.